டின் பூச்சி தவளைக்கு ஆகுமா?

கேள்வி: 2 வயது பேக்மேன் தவளை (தென் அமெரிக்கக் கொம்புத் தவளை) வளர்க்கிறோம். உயிருள்ள கிரிக்கெட் பூச்சி எப்போதும் கிடைப்பதில்லை என்று டின்னில் அடைத்ததை வாங்கினேன். தட்டில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதையே தினசரி உணவாக்கலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அசையாத பூச்சி தவளையின் கண்ணுக்கு இரையே அல்ல. டின்னில் இருப்பது வேகவைத்துச் செத்த பூச்சி. அசைவை நீங்கள்தான் தர வேண்டும். ஓர் அடி நீள மூங்கில் அல்லது பிளாஸ்டிக் இடுக்கியில் பூச்சியைப் பிடித்து, மூக்குக்கு 3 செ.மீ. முன்னால் லேசாக ஆட்டி, நிறுத்தி, மறுபடி ஆட்டுங்கள். உலோக இடுக்கி வேண்டாம். தவளை பாய்ந்து கவ்வும்போது வாய் கிழியலாம். விளக்கைக் குறைத்து அந்தி நேரத்தில் கொடுங்கள். டிசம்பர் இரவுக் குளிரில் தொட்டி 22 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி எதையும் தொடாது. அப்போது இரையை மாற்றிப் பயனில்லை, முதலில் சூட்டைச் சரிசெய்யுங்கள்.

முழு உணவாக்க வேண்டாம். கிரிக்கெட்டில் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. உயிருள்ள பூச்சிக்கு முந்தின நாள் கீரை, கேரட் போட்டு வயிற்றை நிரப்பி ஓரளவு ஈடுகட்டலாம்; டின் பூச்சிக்கு அந்த வழி இல்லை. இந்தக் குறை நீடித்தால் தாடை தொய்ந்துவிடும், பின்னங்கால் நடுங்கும், பாய்ந்தும் இரை நழுவும். இந்த நிலைக்கு வந்தபின் எலும்பை முழுதாக மீட்பது கடினம்.

ஆகவே கால்சியப் பொடி கட்டாயம். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஈரப் பூச்சியின்மேல் தூவினால் பொடி கட்டிதட்டி உதிர்ந்துவிடும். டிஷ்யூ பேப்பரில் பரப்பி ஒற்றி, பத்து நிமிடம் உலரவிட்டு, உலர்ந்த கிண்ணத்தில் ஒரு சிட்டிகைப் பொடியோடு குலுக்கி உடனே கொடுங்கள். ஒரு வேளை வைட்டமின் டி3 சேர்ந்த பொடி, மறு வேளை வெறும் கால்சியம். டி3 உடம்பில் தங்கிச் சேரும், மிகுந்தால் கெடுதல். பூச்சி, தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது.

திறந்த டின்னிலேயே மீதியை வைக்காதீர்கள். மூடிபோட்ட கண்ணாடி டப்பாவில் பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் திறந்த அன்றே ஒரு வேளை அளவாகப் பிரித்து பிரீசரில் போடுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. டின் உப்பியிருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ குப்பைக்குத்தான்.

கேள்வி: ஆக்சலாட்டலுக்கும் (நீரிலேயே வாழும் சாலமாண்டர்) இதே முறைதானா?
– வாசகர், விவேக்நகர், பெங்களூரு

பதில்: இல்லை. அது மோப்பம் பிடித்து உறிஞ்சுவதால் செத்த இரையையும் தின்னும். சிக்கல் தண்ணீரில்: பொடி கரைந்து போகும், டின் சாறு தொட்டியைக் கலக்கும், மிச்சம் அழுகி அம்மோனியா ஏறும். குளோரின் நீக்கிய தண்ணீரில் பூச்சியை அலசி, ஒவ்வொன்றாகக் கொடுத்து, 20 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மண்புழு கிடைத்தால் டின்னே வேண்டாம். கால்சியம் அதில் எவ்வளவோ மேல். உரக்குழியின் சின்னச் சிவப்புப் புழு கசப்பு நீர் விடுவதால் ஆக்சலாட்டல் அதைத் துப்பிவிடும், பெரிய ஆப்பிரிக்கப் புழுவைக் கேட்டு வாங்குங்கள். மருந்தடித்த தோட்டத்துப் புழு ஆகாது.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் இறால், சிப்பி டின்?
– வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: கூடாது. நமக்கான டின்னில் உப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் உண்டு. கழுவினாலும் சதைக்குள் ஊறிய உப்பு போகாது. அந்தச் சிறிய உடம்பின் நீர்ச் சமநிலையையே அது குலைத்துவிடும்.