பெயர் கொடுத்தவர்கள் 60, ஓடுகிறவர்கள் 4

கேள்வி: தனியாக வாழும் முதியோருக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் உதவத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று எங்கள் உள்ளாட்சி அலுவலகம் அறிவித்தது. 60 பேர் பெயர் கொடுத்தோம், வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். நான்கு மாதம் ஆகிறது. என்னையும் சேர்த்து ஓடுவது நான்கே பேர். மற்றவர்கள் “கூப்பிட்டால் வருகிறேன்” என்கிறார்கள். ஒரு பெரியவர் பணம் எடுத்து வரச்சொல்லி, வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் என் கையில் திணிக்கிறார். உதவித்தொகைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த மூன்று விண்ணப்பங்கள் திரும்பி வந்துவிட்டன. அலுவலகத்தில் கேட்டால் “அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்” என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம், இன்னும் இரண்டு மாதத்தில் நீங்களே படுத்துவிடுவீர்கள். உங்களிடம் ஆள் பஞ்சம் இல்லை. எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பது சரியான ஆளின் காதுக்குப் போய்ச்சேர வழி இல்லை. அவ்வளவுதான் கோளாறு. 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை (NHS) தன்னார்வலர்களை அழைத்தபோது, சில நாட்களிலேயே ஏழரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் பலர் வாரக்கணக்கில் ஒரு வேலையும் வராமல் காத்திருந்தார்கள். பெயர்ப் பட்டியல் வேறு, உதவி வேறு.

“கூப்பிட்டால் வருகிறேன்” என்பவரைக் குறை சொல்ல வேண்டாம். 60 பேர் இருக்கும் குழுவில் “யாராவது மருந்து வாங்கித் தர முடியுமா?” என்று கேட்டால், வேறு யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. அதே ஆளிடம் “இந்த நான்கு வீடும் உங்கள் பொறுப்பு” என்று சொல்லிப்பாருங்கள், மறுநாளே போய்க் கதவைத் தட்டுவார்.

நான்கு என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகரம் 1853-ல் ஏழைகளுக்கான உதவியைச் சம்பளமில்லாத குடிமக்களிடம் ஒப்படைத்தபோது, ஒருவருக்கு நான்கு குடும்பங்களுக்கு மேல் கிடையாது என்று விதி வைத்தது. அனுமதித்த உதவி இரண்டு வாரத்துக்குத்தான் செல்லும். அது முடிந்ததும் வீட்டுக்குப் போய் நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டிப்பார்கள். ஜப்பானில் 1918-ல் ஒசாகாவில் இதே போன்ற ஓர் ஏற்பாடு தொடங்கியது. இன்று அங்கே 2 லட்சத்துக்கும் அதிகமான பகுதி நல ஆணையர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை நியமிக்கப்படுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, தெரிந்துகொண்ட குடும்ப விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே கட்டுப்படுத்துகிறது. குறைந்த வீடுகள், குறிப்பிட்ட தெரு, வாய்க்கட்டுப்பாடு. இந்த இரண்டு ஏற்பாடுகளிலிருந்தும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இந்த மூன்றும்தான்.

உங்கள் பகுதியைத் தெரு வாரியாகப் பிரியுங்கள். பெயர் கொடுத்த ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் மூன்று கேள்வி: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த வேலை செய்ய மாட்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு வெளிப்படையான பதில் வாங்கினால் பிறகு மனக்கசப்பு வராது. பாதிப் பேர் விலகினாலும் 30 பேர் மிஞ்சுவார்கள். இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு ஜோடிக்கு நான்கு வீடு கொடுத்தாலே 60 வீடு ஆகிறது. ஜோடி எதற்கு என்றால், ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் பார்ப்பார். அதைவிட முக்கியமான காரணம், ஒரு முதியவர் ஒரே ஆளை மட்டும் நம்பி இருக்கும் நிலை வரக்கூடாது. உங்கள் பெரியவர் உங்கள் கையில் அட்டையைத் திணிப்பதும் அதனால்தான்.

அடுத்து, ஒரே ஒரு தொலைபேசி எண், ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்க வேண்டாம். தனி சிம் வாங்கி, வாரம் ஒருவர் முறை வைத்து வைத்திருங்கள். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் எடுத்தால் போதும், அந்த நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டுங்கள். நோட்டில் கோடு போட்டு இவ்வளவு எழுதுங்கள்: தேதி, நேரம், பெயர், வீட்டு எண், கேட்டது என்ன, யார் பொறுப்பு, என்று முடிந்தது. ‘கேட்டது என்ன’ என்ற இடத்தில் அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். “குளியலறைக்குப் போகப் பயமாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னதை “குளியலறை பழுது” என்று நீங்கள் மாற்றி எழுதினால், அங்கே கைப்பிடி இல்லை, இரவில் விளக்கு எரியவில்லை, போன வாரம் ஒருமுறை விழுந்தும்விட்டார் என்பதெல்லாம் காணாமல் போய்விடும். ‘முடிந்தது’ என்பதை வேலைக்குப் போனவர் எழுதக்கூடாது. தொலைபேசி வைத்திருப்பவர் அந்த வீட்டுக்கே பேசி, “வந்தார்களா, சரியாயிற்றா?” என்று கேட்ட பிறகு எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், ஆனால் அதில் யார் வீட்டுக் கஷ்டமும் பெயரோடு வரக்கூடாது. “12-ம் எண் வீட்டுக்கு ஆள் தேவை, தனியாகப் பேசுங்கள்” என்பதோடு நிறுத்துங்கள். பொருள் கொடுக்கும்போது படம் எடுப்பதை இன்றே தடை செய்யுங்கள். படத்தில் முகம் தெரியும் என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிடுகிறவர்கள் பலர்.

இப்போது அந்த அட்டை. வாங்காதீர்கள், ஒருமுறைகூட. நீங்கள் நேர்மையானவர் என்பது இங்கே பேச்சில்லை. ஆறு மாதம் கழித்து வெளியூரிலிருந்து வரும் மகன் கணக்கைப் பார்த்து “இது யார் எடுத்தது?” என்று கேட்டால், பெரியவருக்கு நினைவு இருக்காது, உங்களிடம் காகிதம் இருக்காது. வங்கியில் வீட்டுக்கு வந்து பணம் தரும் ஏற்பாடு இருக்கிறதா, நடமாட முடியாதவர் சார்பில் எழுத்து மூலம் ஒருவரை நியமிக்க முடியுமா என்று அவரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த நியமனம் குடும்பத்தாருக்கோ அவர் தேர்ந்தெடுத்த உறவினருக்கோ இருக்கட்டும், தன்னார்வலருக்கு வேண்டாம். கடைக்குப் போக மட்டும் பணம் வாங்கலாம், அதற்கும் முறை உண்டு. அவர் எதிரிலேயே எண்ணி உறையில் போட்டு, உறைமேல் தொகையை எழுதுங்கள். திரும்பி வந்ததும் ரசீதும் மீதியும் அதே உறையில் வைத்து, இருவரும் கையெழுத்து. உறைகளை அவர் வீட்டிலேயே ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்று குழுவாக ஓர் எல்லையும் வைத்துக்கொண்டால், மறுப்பது எளிது: “எங்கள் விதி ஐயா, நான் மீற முடியாது.”

திரும்பி வந்த மூன்று விண்ணப்பங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், உங்கள் உழைப்பு பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல்லாவது இங்கேதான். விண்ணப்பம் திரும்பினால் முதலில் பெயரைப் பாருங்கள். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, பிறப்புச் சான்றில் தந்தை பெயரோடு சேர்ந்து மூன்றாவது. மனிதருக்கு மூன்றும் ஒருவர்தான், பதிவேட்டுக்கு மூன்று பேர். அடுத்தது பழைய முகவரி. பிறகு, நெடுநாள் பயன்படுத்தாததால் முடங்கிப்போன வங்கிக் கணக்கு. உதவி மஞ்சூரான பின்னும் பணம் போய்ச்சேராமல் திரும்புவது இதனால்தான். ஆகவே படிவத்தைக் கையில் எடுக்கும் முன் எல்லா ஆவணங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் விரல் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை, விண்ணப்பம் இரண்டாவது.

படிவத்தை ஒரு நகல் எடுத்து, அதில் பென்சிலால் நிரப்பி, வரி வரியாக உரக்கப் படித்துக்காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு அசலில் மையால் எழுதுங்கள். கை நடுக்கத்தால் கையெழுத்து மாறியிருந்தால், வங்கியிலும் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். கைரேகை வைப்பவராக இருந்தால் சாட்சி யார், எத்தனை பேர் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உதவப் போகிறவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு பிழை உண்டு: தொடர்பு எண் என்ற இடத்தில் தங்கள் எண்ணை எழுதிவிடுவது. அவரிடம் தொலைபேசி இல்லை, அல்லது எடுக்கத் தெரியவில்லை என்பதால் அப்படிச் செய்கிறோம். பிறகு ஓடிபி, விசாரணைக்கு வரும் தேதி, நிராகரிப்பு எல்லாம் உங்களுக்கு வரும். நீங்கள் எண்ணை மாற்றினாலோ ஊரை மாற்றினாலோ, அவருடைய உதவி நின்றது ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய எண்ணையே எழுதுங்கள். எண் இல்லை என்றால் உறவினர் எண்ணை அவர் சம்மதத்தோடு எழுதலாம், அதுவும் இல்லையென்றால் தபால் முகவரி போதுமா என்று கேளுங்கள்.

கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக்கூடாது. அதிலுள்ள எண்ணை நோட்டில் எழுதி, சீட்டை அவரிடமே கொடுங்கள். திரும்பி வந்தால் “என்ன காரணம்?” என்று வாய்மொழியில் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தால், அது கடிதத் தேதியிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்று அதிலேயே பாருங்கள். தபால் முத்திரையுள்ள உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தாமதமாக வந்தது என்பதற்கு அதுதான் சான்று. உங்கள் கையிலுள்ள மூன்றுக்கும் இந்த வாரமே காரணக் கடிதம் கேட்டு எழுதுங்கள்.

“அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்” என்ற பதிலுக்கு வருவோம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேலைப் பளு அதிகம்தான், அவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் எல்லைக் கோடு தெளிவாக இருக்கட்டும். யாருக்குத் தகுதி என்று முடிவு செய்வது, பணம் வழங்குவது, வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வது, தெருவிளக்கும் சாய்தளமும் போடுவது அலுவலகத்தின் கடமை. தேவையை அவர்கள் மேசைக்குக் கொண்டுபோவதும், பதிலை வீட்டுக்குக் கொண்டுவருவதும், இடைப்பட்ட நாட்களில் ஆள் துணையாக இருப்பதும் உங்களுடையது. இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். அதில் நான்கு கோரிக்கை: உங்களோடு பேசப் பெயர் குறிப்பிட்ட ஓர் அதிகாரி, படமும் காலாவதித் தேதியும் உள்ள அடையாள அட்டை, பணியின்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரச் சந்திப்பு. வீட்டுக்குள் போகும் தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதும் அலுவலகம் செய்ய வேண்டியது.

சந்திப்புக்குக் குறையோடு போகாதீர்கள், நோட்டிலிருந்து எண்ணிக்கையோடு போங்கள். “யாருமே கவனிப்பதில்லை” என்றால் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். “இத்தனை வீட்டில் படியில் கைப்பிடி இல்லை, இத்தனை விண்ணப்பம் இத்தனை நாளாக நிற்கிறது, ஒப்புகை எண்கள் இதோ” என்றால் குறித்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

தொடக்கூடாத வேலைகளையும் எழுதிவையுங்கள். மருந்தளவை மாற்றச் சொல்வது, விழுந்தவரைத் தூக்க முயல்வது, மின்பழுது, வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வது, சொத்துத் தகராறில் பேசுவது. யாராவது அடிக்கப்படுவதாகவோ பட்டினி போடப்படுவதாகவோ சந்தேகம் வந்தால் நீங்களே விசாரிக்கக் கூடாது. பார்த்ததை அன்றே தேதியோடு எழுதி அதிகாரியிடம் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் முதலில் அவசர எண்.

கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யாரைக் கூப்பிட வேண்டும், மாற்றுச் சாவி யாரிடம், வழக்கமாக எந்த நேரம் தூங்குவார். அன்று தட்டுங்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள், உள்ளே மணி அடிப்பது கேட்கிறதா என்று கவனியுங்கள், பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், பிறகு அவர் சொன்ன ஆள், பிறகு அவசர எண். “அப்புறம் வரலாம்” என்று திரும்புவது மட்டும் வேண்டாம்.

இதோடு சேர்ந்தது வெயிலும் வெள்ளமும். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அடித்த வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள் பலர். மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது: தனித்திருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளின் பெயர்ப் பதிவேட்டை ஒவ்வொரு நகராட்சித் தலைவரும் வைத்திருக்க வேண்டும், எச்சரிக்கை நாட்களில் அவர்களோடு தொடர்புகொள்ள வேண்டும். பெயர் சேர்வது அவரவர் விருப்பம். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், அடுத்த சந்திப்பில் இதைத்தான் முதலில் கேட்பேன். படியிறங்க முடியாதவர், மின்சாரத்தில் ஓடும் மூச்சுக் கருவி வைத்திருப்பவர், டயாலிசிஸ் நாள் தவறக்கூடாதவர், காது கேளாதவர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பிரதி அலுவலகத்திலும் ஒன்று உங்கள் ஒருங்கிணைப்பாளரிடமும் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். மின்சாரம் போன இரவில் கைபேசியில் உள்ள பட்டியல் திறக்காமல் போகலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் நோட்டும் சிம்மும் வாங்குங்கள், 60 பேருக்கும் பேசுங்கள். நான்கு பேரும் பங்கு போட்டால் ஆளுக்கு 15 அழைப்புதான். பெரியவர் வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது உங்கள் ஜோடியையும் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள், கையோடு ஒரு கட்டு உறையும் கொண்டுபோங்கள்.