அவ்வாவின் குடம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்து வருகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய அவ்வா ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். பல வருடங்களாக போர்வெல் தண்ணீரையே குடித்ததால் எலும்பு பாதித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழங்கால்கள் உள்பக்கமாக வளைந்துவிட்டன. கழுத்தும் திரும்பாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். தெருமுனைக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாட்களில் எங்கள் வீட்டுக்குப் பிடிக்கும்போது அவருக்கும் ஒரு குடம் கொண்டுபோய் வைப்பேன். மூன்று வருடமாக இது நடந்தது.

போன கோடையில் தையல் வேலை அதிகமாகிவிட்டது. அவ்வா வீட்டுக்குள் போனால் சீக்கிரம் வர முடியாது. காலைத் தேய்த்துக்கொண்டே பேசுவார், சில நாள் அழுவார். அதைப் பார்க்க முடியாமல் நான் மாரியம்மன் கோயில் தெரு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். பன்னிரண்டு நாள் அப்படிப் போனேன். பதின்மூன்றாம் நாள் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தால், பக்கத்து போர்வெல்லிலிருந்து அரைக் குடம் அரைக் குடமாகத் தானே இழுத்து வந்து வைத்திருந்தார். அன்றிலிருந்து மறுபடியும் கொடுத்து வந்தேன்.

தை மாதம் அவர் வீட்டு வாசலிலேயே குழாய் போட்டுவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்றை இழந்துவிட்டது போலவும் இருக்கிறது. சேலத்தில் உளவியல் படிக்கும் என் நாத்தனார் மகனிடம் இதைச் சொன்னபோது, "தன்னலமில்லாத உதவி என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை அத்தை, நீங்கள் உங்கள் மன நிம்மதிக்காகத்தான் தண்ணீர் சுமந்தீர்கள், இப்போது அது போய்விட்டது, அதுதான் வருத்தம்" என்றான். அவன் சொல்வது உண்மைதானா ஐயா? மூன்று வருடம் நான் செய்தது எனக்காகத்தானா?

இப்படிக்கு,
தங்கள் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு நாள் சுற்றிப் போனதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் நாத்தனார் மகன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது புதிய கருத்தல்ல, அறிஞர்கள் பலர் நெடுங்காலம் நம்பிய கருத்துதான். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு செயலின் முடிவில் நமக்கு நிம்மதி கிடைக்கிறது என்பதாலேயே அந்த நிம்மதிக்காகத்தான் அதைச் செய்தோம் என்று ஆகிவிடாது. ஆடு மேய்க்கப் போகிறவருக்குப் புளியமர நிழலில் சற்று உட்காரும் சுகமும் கிடைக்கிறது, அதற்காக அவர் நிழலுக்காகவே ஆடு வளர்க்கிறார் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. எதை அடைவதற்காகக் கிளம்பினோம் என்பதும், போன இடத்தில் கூடவே என்ன கிடைத்தது என்பதும் வெவ்வேறு. இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் இந்த வாதம் இவ்வளவு காலம் நீடித்தது.

அதைப் பிரித்தறிய ஒரு வழியைக் கண்டவர் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சமூக உளவியலாளர் டேனியல் பேட்சன். பிறர் துன்பத்தைக் காணும்போது நமக்குள் எழுவது ஒரே உணர்ச்சி அல்ல, இரண்டு என்பது அவருடைய அடிப்படை. ஒன்று, பார்க்கச் சகிக்காமல் நமக்கே உண்டாகும் தவிப்பு. மற்றொன்று, அவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவர் பக்கம் சாயும் பரிவு. தவிப்பு உள்ளவருக்குத் தன் தவிப்பு தீர்ந்தால் போதும், அதற்கு உதவி செய்வதும் ஒரு வழி, அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதும் ஒரு வழி. பரிவு உள்ளவருக்கு நகர்ந்து போவதால் எதுவும் தீர்வதில்லை, ஏனென்றால் அங்கே இருப்பவரின் துன்பம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே தப்பிப்பதற்கு எளிய வழி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு யார் போகிறார், யார் நிற்கிறார் என்று பார்த்தால் உள்ளே இருப்பது எதுவென்று தெரிந்துவிடும்.

1981-இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. 44 கல்லூரி மாணவியர், எலைன் என்ற இளம்பெண் மின்னதிர்ச்சி வாங்கிக்கொண்டே ஒரு பயிற்சியைச் செய்வதைத் திரையில் பார்த்தார்கள். உண்மையில் அது முன்பே எடுத்து வைத்த படம், யாருக்கும் அதிர்ச்சி கொடுக்கப்படவில்லை. பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு எலைனின் விருப்பங்களும் கருத்துகளும் தங்களுடையதைப் போலவே இருப்பதாகக் காட்டி அவள்மேல் பரிவு கூடும்படி செய்தார்கள், மீதிப் பேருக்கு அவள் முற்றிலும் வேறுபட்டவளாகக் காட்டப்பட்டாள். சிலர் முதல் இரண்டு சுற்றுகளைப் பார்த்தால் போதும், எழுந்து போய்விடலாம், மற்றவர்கள் பத்துச் சுற்றும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். இரண்டாம் சுற்றின் முடிவில், எலைனுக்குப் பதிலாக மீதி அதிர்ச்சிகளை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். பரிவு குறைவாக இருந்தவர்களில், எழுந்து போக முடியாதபோது 64 விழுக்காட்டினர் முன்வந்தார்கள், போக வழி இருந்தபோது அது 18 விழுக்காடாகச் சரிந்தது. பரிவு மிகுந்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை: போக முடியாதபோது 82, போக முடிந்தபோதும் 91 விழுக்காடு. கதவு திறந்திருந்தும் அவர்கள் எழுந்து போகவில்லை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: எனக்கும் கதவு திறந்துதானே இருந்தது, நான் கோயில் தெரு வழியாகப் போய்விட்டேனே, அப்படியானால் என்னிடம் இருந்தது வெறும் தவிப்புதானே என்று. அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். 1994-இல் பேட்சனும் வேறு இரு ஆய்வாளர்களும் இதைப் பற்றியே ஓர் ஆய்வு செய்தார்கள். வீடற்ற ஒருவரைப் பற்றிய இரண்டு விதமான செய்திகளில் எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. ஒன்று செய்தியை மட்டும் சொல்வது, மற்றது அவருடைய நிலையை உள்ளிருந்து உணரும்படி சொல்வது. பின்னால் அவருக்காகத் தங்கள் நேரத்தைப் பெரிய அளவில் செலவிட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அறிந்தவர்கள், மனத்தை அசைக்கும் செய்தியைத் தவிர்க்க முற்பட்டார்கள். ஒருவரை நெருங்கிப் பார்த்தால் மறுக்க முடியாமல் போகும் என்று நம் மனத்துக்குத் தெரியும், அந்த அச்சத்தால்தான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறது. அவ்வாவின் நிலை உங்களைப் பாதிக்கவே இல்லையென்றால் நீங்கள் அவர் வீட்டு வாசல் வழியாகவே, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நேராகப் போயிருப்பீர்கள். சுற்றுவழியில் கூடுதல் தூரம் தண்ணீர் சுமக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இருந்திருக்காது. உங்களுக்குத் தையல் வேலை குவிந்து கிடந்தது, பரிவு கேட்கும் விலையைக் கொடுக்க அந்த நாட்களில் உங்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பது. என் பெரியம்மா கடைசி எட்டு மாதம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தன் மகள் வீட்டில் படுத்திருந்தார். நான் மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன், எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் நேரில் போனபோதெல்லாம் கட்டிலுக்கு அருகே உட்காராமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, தருமபுரிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்று பலமுறை சொன்னேன். அவர் புரண்டு படுக்க முயன்று முடியாமல் போர்வையின் ஓரத்தை விரல்களால் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கையை நான் போய்ப் பிடித்திருக்கலாம். நான் அனுப்பிய பணம் மருந்துக்கும் பாலுக்கும் உதவியது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதை அனுப்பியதன் நோக்கத்தில் பாதி அங்கே போகாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் தேடுவதாக இருந்தது. உதவியே கோயில் தெருவாக ஆகிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. நீங்கள் பதின்மூன்றாம் நாள் திரும்பிப் போனீர்கள். நான் போகவில்லை.

சரி, திரும்பிப் போனதுகூட நினைவு உறுத்தியதால்தானே, அந்த உறுத்தலைப் போக்கிக்கொள்ளத்தானே என்று உங்கள் நாத்தனார் மகன் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இடத்தை விட்டுத் தப்பிக்கலாம், நினைவை விட்டுத் தப்ப முடியாதே என்று ஆய்வாளர்களும் பேட்சனை மறுத்திருக்கிறார்கள். பரிவோடு சேர்ந்து வரும் சோகத்தைப் போக்கிக்கொள்ளவே உதவுகிறோம் என்று சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1987-இல் வாதிட்டார், அந்த விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நீங்கள் கேட்ட இந்தச் செய்தி சிறிது நேரத்தில் உங்கள் நினைவிலிருந்து மறைந்துவிடும் என்று நம்ப வைத்துப் பார்த்தார்கள். பரிவு மிகுந்தவர்கள் அப்போதும் உதவவே முன்வந்தார்கள். மறந்துவிடப் போகிறோம் என்று நம்புகிறவருக்கு உறுத்தலுக்குப் பயப்படக் காரணமில்லை. அவர்கள் முன்வந்ததற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் அறைக்குள் சிறிது நேரத்தில் செய்து முடிக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று வருடம் குடம் சுமந்தவரை எந்த ஆய்வுக்கூடமும் அளந்து பார்த்ததில்லை. மேலும், பரிவை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். 1995-இல் செய்த ஓர் ஆய்வில், உயிர் போகும் நோயுள்ள பத்து வயதுச் சிறுமியின் மனநிலையைக் கற்பனை செய்து பார்க்கச் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், அவளைவிட அதிகத் தேவையோடு காத்திருந்த மற்ற குழந்தைகளைத் தாண்டி அவளை உதவிக்கான வரிசையில் முன்னே நகர்த்தினார்கள், அப்படிக் கற்பனை செய்யாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அதைச் செய்தார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு முகத்தின் மீதுதான் பரிவு பாய்கிறது. உங்கள் ஊரில் வளைந்த முழங்கால் அந்த அவ்வாவுக்கு மட்டும் இருக்காது. எலும்பையும் பல்லையும் கெடுக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகாதது என்பது வரையறை, பென்னாகரம், பாலக்கோடு பக்கங்களில் அதைத் தாண்டிய கிணறுகளிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகள் குடித்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து அதுவே இயல்பு என்று நாம் பழகிவிட்டோம். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் இரு மாவட்டங்களுக்கும் செய்ததை எத்தனை நல்ல மனங்கள் குடம் சுமந்திருந்தாலும் செய்திருக்க முடியாது. இது உங்கள் குடத்தைச் சிறுமைப்படுத்த அல்ல.

இனி, உங்களை உறுத்தும் அந்த இழப்புணர்ச்சிக்கு வருகிறேன். 1988-இல் பேட்சனின் குழு இதற்கு மிக அருகில் வரும் ஒன்றைச் சோதித்தது. ஒருவருக்கு வரவிருந்த துன்பத்தைத் தாமே நீக்கப் போவதாக எதிர்பார்த்திருந்தவர்களிடம், அவருக்கு அந்தத் துன்பம் தானாகவே நீங்கிவிட்டது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சொன்னார்கள். பரிவு மிகுந்தவர்கள் தங்கள் கையால் நடக்கவில்லையே என்று வருந்தவில்லை, அவருக்கு நல்லது நடந்தது என்ற அளவிலேயே அவர்கள் மனம் மலர்ந்தது. குழாய் வந்தபோது உங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் அப்படியே நம்புகிறேன். அதோடு சேர்ந்து வந்த வருத்தத்தில் ஒரு பங்கு பழக்கத்தின் பிரிவு. மூன்று வருடம் ஒரு வீட்டுக்குள் போய் வந்தவருக்குப் போவதற்கான காரணம் திடீரென்று இல்லாமல் போனால் வெறுமை தோன்றத்தான் செய்யும், அதைத் தன்னலம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வருத்தத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்று மூன்றாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது. கோடையில் அவ்வா அரைக் குடம் அரைக் குடமாக இழுத்து வந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வாசலில் போடும் குழாய்கள் பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள்தான் இருக்கின்றன. குடத்தை அடியில் வைத்து, நிரம்பியதும் குனிந்து தூக்கி, நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். வளைந்த முழங்காலும் திரும்பாத கழுத்தும் உள்ளவர் அதை எப்படிச் செய்கிறார்? தண்ணீர் வாசல் வரை வந்துவிட்டது என்பதாலேயே அவருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று ஆகாது. நீங்கள் இழந்துவிட்டதாக நினைப்பது, ஒருவேளை, வேலை இன்னும் முடியவில்லை என்று உங்களுக்குள் இருந்து வரும் செய்தியாகவும் இருக்கக்கூடும்.

அடுத்த முறை தண்ணீர் வரும் நாளில் குடமில்லாமல் போய் நின்று பாருங்கள். குழாயைச் சற்று உயர்த்திப் போட முடியுமா, இல்லையென்றால் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி நேராகத் திண்ணைமேல் இருக்கும் பாத்திரத்துக்கு விட முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். நாத்தனார் மகன் ஊருக்கு வந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். பேசிக்கொண்டு உட்காரும்போது அவ்வாவுக்கு நேர் எதிரே உட்காருங்கள், பக்கவாட்டில் உட்கார்ந்தால் அவர் உங்களைப் பார்ப்பதற்காக உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருக்கும்.

அன்புடன்.