பாட்டியைப் பிழைக்க வைக்க வேண்டாம்

1942இல் ஜப்பானியப் படைக்குத் தப்பி பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்த இந்தியக் குடும்பம் ஒன்றைப் பற்றிய உங்கள் சிறுவர் கதையில், வழியில் பாட்டி இறப்பதை 9 வயதுப் பிள்ளைகளுக்கு எழுதலாமா, மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். சாவைக் காட்சியிலிருந்து எடுங்கள், கதையிலிருந்து எடுக்காதீர்கள். விடியற்காலையில் அம்மா பாட்டியின் வெற்றிலைப் பையைத் தன் மூட்டையில் கட்டுகிறாள், பையன் பார்க்கிறான். போதும். அன்று யார் யார் நடந்தார்கள் என்று வாசிக்கிற பிள்ளையே எண்ணிக்கொள்ளும்.

3ஆம் அத்தியாயம் ஓடவில்லை என்கிறீர்கள், அதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். "இலட்சக்கணக்கானோர் வெளியேறினர்" என்று கதை சொல்கிற பத்து வயசுப் பையன் சொல்லமாட்டான். அவனுக்குத் தெரிந்தது 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் விழுந்த குண்டின் சத்தம், பிறகு நடந்து நடந்து வெடித்த குதிகால். காலரா என்ற சொல்கூட வேண்டாம், வாந்திபேதி என்றே பெரியவர்கள் முணுமுணுக்கட்டும். அத்தியாயத்தை எடுத்து, அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருக்க முடியாத வரிகளையெல்லாம் பென்சிலால் அடித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் போனால் கோளாறு அங்கேதான்.

ஒன்று கவனம். உங்கள் குடும்பம் பிப்ரவரியில் ப்ரோம் நகரிலிருந்து ஐராவதி ஆற்றைக் கடந்து டவுங்குப் மலைக்கணவாய் வழியாகப் போகிறது. அங்கே அப்போது வறட்சி, தண்ணீருக்குத் தவிப்பு. நீங்கள் எழுதிய சேறும் அட்டையும் மே மாத மழைக்குப் பின் வட பர்மாவின் ஹூக்காங் பள்ளத்தாக்கில் போனவர்கள் பட்டது.

பர்மியப் பக்கத்துவீட்டுக்காரரை வில்லனாக்கியதும் உறுத்துகிறது. இன்று யாங்கோனில் (அன்றைய ரங்கூன்) இதை வாசிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?