மறதிநோய் உள்ளவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரையும் தன்னார்வப் பணியில் சேர்ப்பது எப்படி?

"எங்கள் குழுவுக்கு அப்படிப்பட்டவர்கள் யாரும் வருவதில்லையே" என்று தன்னார்வக் குழு நடத்தும் நீங்கள் நினைக்கலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது. உங்கள் தெருவிலும் இருப்பார்கள். வரமுடியாமல்தான் இருக்கிறார்கள்.

என் அப்பா மதுரை புது மண்டபத்தில் நாற்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். ஐந்து வருஷமாக அல்சைமர் என்ற மறதிநோய். அங்கிருந்த கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டது அவர் நினைவில் நிற்பதில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு "கடைக்கு நேரமாச்சு" என்று வாசலில் வந்து நிற்பார். அம்மா இல்லை, நான்தான் கூட இருக்கிறேன்.

முதலில் உணவுப் பொட்டலம் கட்டும் ஒரு குழுவுக்குப் போனோம். வாரம் நாலு மணி நேரம் கட்டாயம், வரமுடியாவிட்டால் முந்தின நாளே சொல்லவேண்டும் என்றார்கள். அப்பா ராத்திரி தூங்குவாரா என்பதே எனக்கு விடிந்தால்தான் தெரியும். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, "ஐயா சும்மா உக்காரட்டும், நீங்க செய்யுங்க" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் சும்மா உட்காரவைத்தால் பத்தே நிமிஷத்தில் எழுந்து வாசலைத் தேடுவார். பொட்டலம் கட்டியதைவிட அவர் பின்னால் ஓடியதுதான் அதிகம். மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டோம்.

இப்போது போவது பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் குழு. பழைய பள்ளிச் சீருடைகளை வாங்கித் துவைத்து, கிழிசல் தைத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். முதல் நாள் அங்கிருந்த அக்கா "என்னைத் தெரியுதா?" என்றெல்லாம் அப்பாவைச் சோதிக்கவில்லை. ஒரு காக்கி டவுசரை நீட்டி, "மாஸ்டர், அடி மடிப்பு பிரிஞ்சிருக்கு, பாருங்க" என்றார். மாஸ்டர் என்று அவரை யாரும் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. துணியை உள்பக்கம் திருப்பினார், பிரிந்த இடத்தைக் கட்டைவிரலால் நெருடினார், நூல் நுனியை நாக்கில் நனைத்து நாலாவது தடவையில் கோத்துவிட்டார். மடித்துத் தைத்த எம்மிங் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் என்னை "தம்பி யாரு?" என்று கேட்டவர் அவர்.

புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிதான் அல்சைமரில் சீக்கிரமே அடிபடுகிறது. கையோடு பழகிய வேலை மூளையில் வேறு இடங்களைச் சார்ந்தது, பெரும்பாலும் கூடுதல் நாள் தாங்கும். அதனால் 'இவரால் என்ன முடியும்?' என்று யோசிப்பதற்கு முன்னால், முப்பது நாற்பது வருஷம் என்ன வேலை செய்தார் என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

எங்கள் இருவரையும் அந்தக் குழு ஒரே ஆளாகக் கணக்கு வைத்திருக்கிறது. வராத நாளுக்குக் காரணம் கேட்பதில்லை. காலை பத்து மணிக்குத்தான் போவோம், சாயங்காலம் ஆனால் அப்பாவுக்குத் தடுமாற்றம் கூடிவிடும். எப்போதும் அதே ஜன்னலோரம், அதே அக்கா. அக்கா அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் அடுத்த அறைக்குத் துணி பிரிக்கப் போய்விடுவேன். அப்பாவின் செருப்புச் சத்தத்துக்குக் காதைக் கொடுக்காமல் நான் இருப்பது வாரத்தில் அந்த முக்கால் மணி நேரம்தான். பார்த்துக்கொள்பவருக்கும் தனியாக ஒரு வேலை கொடுங்கள், அங்கேயும் அவரைக் காவலுக்கு உட்காரவைக்காதீர்கள்.

தப்பு வரும். வெள்ளைச் சட்டையில் நீலப் பட்டன் தைத்துவிடுவார். அவர் எதிரில் யாரும் பிரிப்பதில்லை, போனபிறகு மாற்றிக்கொள்வார்கள். 2017இல் டோக்கியோவில் மறதிநோய் உள்ளவர்களே பரிமாறும் உணவகம் ஒன்றைச் சில நாள் நடத்தினார்கள். கேட்டது ஒன்று, வருவது வேறாக இருக்கலாம் என்று அதன் பெயரிலேயே சொல்லியிருந்தார்கள். தெரிந்துதான் வந்து சாப்பிட்டார்கள்.

இந்த வருஷம் ஊசி கோக்க வரவில்லை. பட்டன்களை நிறவாரியாகப் பிரித்து டப்பாவில் போடுகிறார். வேலை சுருங்கியதே தவிர, அக்கா இன்னும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

தையல் வேலை கொடுப்பதாக இருந்தால் ஒன்று: கிளம்பும்போது ஊசிகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா ஒருமுறை தன் சட்டைக் காலரிலேயே ஊசியைக் குத்திக்கொண்டு வீடு வரை வந்துவிட்டார்.