'பிரெட்டி இன் பிங்க்' (1986) படத்தின் முடிவை ஏன் மாற்றினார்கள்?

முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் ஏற்காததால்தான். ஜான் ஹியூஸ் எழுதி, ஹோவர்ட் டாய்ச் இயக்கிய இந்தப் படத்தில், ஏழைப் பெண் ஆண்டி (மாலி ரிங்வால்ட்) கடைசியில் நண்பன் டக்கியோடு சேர்வதாகத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். பார்த்தவர்களோ அவள் பணக்காரப் பையன் பிளேனோடு சேர வேண்டும் என்றார்கள். பள்ளி நடன விழாக் காட்சியை மறுபடி படமாக்கினார்கள். பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி அதற்குள் ஒரு நாடகத்துக்காக மொட்டையடித்திருந்தார். அந்தக் காட்சியில் அவர் தலையில் இருப்பது விக். கவனித்தால் தெரியும்!

என்னைக் கேட்டால் முதல் முடிவுதான் நியாயம். டக்கியாக ஜான் கிரையர் அப்படி உருகியிருப்பார். ஹியூஸுக்கும் மனசு ஆறவில்லை போலும். 1987இல் அதே இயக்குநருக்காக 'சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்' எழுதினார். அதில் ஆண், பெண் இடம் மாறியிருக்கும். நாயகன் கீத் கடைசியில் கூடவே இருந்த தோழி வாட்ஸைத்தான் தேர்ந்தெடுப்பான்.