பாடாமலேயே பேர் வாங்கிய ஜோடி

கேள்வி: எனக்கு ஜமைக்காவின் ரெகே இசை என்றால் பாடகர் பாப் மார்லி மட்டும்தான். ஸ்லை, ராபி என்று இரண்டு பேரைக் கொண்டாடுகிறார்களே, பாடகர்களே இல்லாத இவர்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பதில்: மார்லி கேட்பவர் என்றால் ராபியை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். 1973-இல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தில் 'காங்க்ரீட் ஜங்கிள்' பாட்டுக்கு பேஸ் கிடார் (அடித்தள கனத்த சுரங்களைத் தரும் கிடார்) வாசித்தவர் ராபி ஷேக்ஸ்பியர்தான். அவரோடு ஜோடி சேர்ந்த டிரம்ஸ்காரர்தான் ஸ்லை டன்பார் (அந்தப் பாட்டில் அவர் இல்லை). இருவருமே ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துப் பிள்ளைகள்.

பழைய ரெகேயில் 'ஒன் டிராப்' என்றொரு தாளம். நாலு தட்டில் முதல் தட்டைக் காலியாக விட்டுவிட்டு, மூன்றாவதில் கிக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும், சடசடக்கும் சின்ன டிரம்) சேர்ந்து விழும். 70-களின் நடுவில் கிங்ஸ்டனின் சேனல் ஒன் ஸ்டுடியோவில் வாசித்துக்கொண்டிருந்த ஸ்லை அந்தக் காலி இடத்தையும் நிரப்பி, கிக் டிரம் விடாமல் ஓட, மேலே ஸ்னேர் பொரிந்து தள்ளுகிற மாதிரி 'ராக்கர்ஸ்' பாணியைக் கொண்டுவந்தார். மைட்டி டயமண்ட்ஸ் என்ற பாடகர் குழுவின் 'ரைட் டைம்' பாட்டைப் போட்டுப் பாருங்கள், டிரம்ஸ் பின்னால் நிற்காமல் பாடகருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ராபி நேர்மாறு: நாலைந்து சுரம்தான், நடுவே நிறைய மௌனம், ஆனால் மொத்தப் பாட்டும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு இவர்கள் மேல் பெரிய மதிப்பு வருவது இன்னொரு விஷயத்தால். ஜமைக்காவில் ஒரே தாளத்தடத்தின் (டிரம்ஸும் பேஸும் வாசித்துப் பதிவு செய்த பின்னணி) மேல் பல பாடகர்கள் பாடுவது வழக்கம், தடம் தயாரிப்பாளருக்குச் சொந்தம், வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு சரி. இந்த இருவரும் 'டாக்ஸி' என்று சொந்த லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) தொடங்கித் தாங்களே தயாரிப்பாளர்கள் ஆனார்கள். பிளாக் உஹுரு என்ற ரெகே குழுவின் 'ஆந்தம்' ஆல்பம் அவர்கள் தயாரிப்புதான். ரெகேவுக்கென்று 1985-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருது அதற்குத்தான் போனது. பஹாமாஸில் காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவில் பாடகி கிரேஸ் ஜோன்ஸுக்கு வாசித்தார்கள், 1983-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்துக்கும் வாசித்தார்கள். கேட்டால் டிலன் டிலனாகத்தான் இருப்பார், காலடியில் தரை மட்டும் கிங்ஸ்டனாக மாறியிருக்கும்! அப்புறம் 90-களில் சாக்கா டீமஸ், பிளையர்ஸ் என்ற ஜமைக்கப் பாடகர் ஜோடியின் 'மர்டர் ஷி ரோட்' பாட்டு. அதன் தாளம் இவர்கள் போட்டது, இன்றைய டான்ஸ் பாட்டுகளில்கூட அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ராபி 2021 டிசம்பரில் காலமானார். அந்தச் செய்தி வந்தபோது, பாடகர் இறந்தால் எழுதுவது போலவே ஒரு பேஸ் வாசிப்பவரைப் பற்றி உலகமே எழுதியது, அது அவர் சம்பாதித்தது.

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: கிரேஸ் ஜோன்ஸின் 'நைட்கிளப்பிங்', 1981. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள்.