உயிலில் ஒரு பல்கலைக்கழகம்

வணக்கம் சார்,

1986-இல் அமெரிக்கா வந்து ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தேன். அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்ததால் கட்டணம் கட்டவில்லை. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். என் காலத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் போகும்படி உயில் எழுத நினைக்கிறேன். மெக்கானிக்கல் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உதவித்தொகை என்பது என் நிபந்தனை. ‘பணக்கார நாட்டுக்கு எதற்கு நம் காசு?’ என்கிறார் ஊரில் இருக்கும் அண்ணன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களைப் படிக்கவைத்ததில் அந்த மாநிலத்து மக்களின் வரிப்பணமும் இருக்கிறது. அதைத் திருப்பித் தர நினைப்பதில் தப்பே இல்லை. ஊர்ப் பள்ளிக்கும் கொடுங்கள், அதற்கு உயில் வரை காத்திருக்க வேண்டாம். அண்ணனுக்கு இது போதும்.

எனக்குத் தயக்கம் உங்கள் நிபந்தனையில்தான். பிலடெல்பியாவில் ஸ்டீபன் ஜிரார்ட் என்று ஒரு வணிகர் இருந்தார். கப்பலிலும் வங்கியிலும் சேர்த்த பெரும் சொத்தை ஒரு பள்ளிக்கு எழுதிவைத்துவிட்டு 1831-இல் இறந்தார். நல்ல மனசுதான். ஆனால் ஏழையாக, வெள்ளையராக, தந்தையை இழந்த ஆண்பிள்ளையாக இருந்தால்தான் இடம் என்று எழுதிவிட்டார். பாதிரியார்கள் வளாகத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று வேறு ஒரு விதி! பல ஆண்டுகள் வழக்கு நடந்து, 1968-இல்தான் கறுப்பினச் சிறுவர்கள் உள்ளே போக முடிந்தது. பெண்பிள்ளைகள் 1984 வரை காத்திருந்தார்கள். டெக்சாஸில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்திலும் இதே கதை. வெள்ளையருக்கு மட்டும், கட்டணம் வாங்கக் கூடாது என்று நிறுவனர் போட்ட இரண்டு கட்டுகளையும் அவிழ்க்க அவர்களே 1963-இல் நீதிமன்றம் போனார்கள்.

உங்கள் எண்ணம் அப்படிப்பட்டதல்ல, தெரியும். ஆனாலும் 1964-இன் குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) சட்டப்படி, மத்திய அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்கள் இனம், பூர்விகம் பார்த்துப் பாகுபாடு காட்ட முடியாது. ‘தமிழ் மாணவர்’ என்று எழுதினால் பெரும்பாலும் வாங்க மறுப்பார்கள். தமிழுக்குச் செய்ய வேண்டும் என்றால் தமிழ் வகுப்புக்கோ தமிழ் ஆய்வுக்கோ கொடுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கட்டும். மெக்கானிக்கல்தான் என்றால், ‘இந்தத் துறை பெயர் மாறினாலோ மூடப்பட்டாலோ இதற்கு நெருக்கமான வேறு படிப்புக்குச் செலவிடலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி வரும் பணத்தை முதலாகப் போட்டு, பொதுவாக ஆண்டுக்கு நாலு அல்லது ஐந்து சதவீதம்தான் செலவழிப்பார்கள். ஒரு லட்சத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் டாலர். ஒரு மாணவரின் முழுச் செலவுக்கு அது காணாது. கருத்தரங்கப் பயணம், ஆய்வகச் செலவு மாதிரி ஏதாவது என்றால் உருப்படியாக உதவும்.

அப்புறம், எந்தப் பணத்தைக் கொடுப்பது? உங்களிடம் 401கே அல்லது ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு இருக்கும். வழக்கமான கணக்காக இருந்தால், பிள்ளைகளுக்குப் போகும்போது எடுக்கும் பணத்துக்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டும். 2020 முதல் பெரும்பாலும் பத்தாண்டுக்குள் முழுவதையும் எடுத்தாகவும் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அந்த வரி கிடையாது. அதனால் வீட்டையும் பங்குகளையும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, கொடையை அந்தக் கணக்கிலிருந்து கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதற்கு உயில்கூட வேண்டாம், கணக்கின் வாரிசுப் படிவம் போதும். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை தவணையாகப் பணம் தரும் ஆன்யுட்டி திட்டமும் வைத்திருப்பார்கள். அதில் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பல இடங்களில் நன்கொடை வாங்குவது தனியாகப் பதிவான ஃபவுண்டேஷன். அதன் சட்டப்படியான பெயரையும் வரி எண்ணையும் அவர்களிடமே கேட்டு வாங்கிப் படிவத்தில் எழுதுங்கள்.